ஒரு புள்ளி, அரை விநாடி: எக்ஸ்-ஸெட் பின்கதவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 29, புனித வெள்ளி. சிங்கப்பூரில் பொது விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு என்று நீண்ட வார இறுதி, அதனால் பாதி ஊர் ஜோகூர் பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் ஈசூன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இரவு பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் என் பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிய நிரல்களை) ஏற்றிவிடும் அண்ணன் போன் செய்தார். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் அல்ல அவர்.

"தம்பி, உன் லேப்டாப்ல சிட்தானே ஓடுது? எக்ஸ்-ஸெட் என்ன வெர்ஷன்னு பாரு. மத்ததெல்லாம் அப்புறம்."

பார்த்தேன். 5.6.1. சிட் என்பது டெபியனின் நிலையற்ற கிளை, புதியது எதுவானாலும் முதலில் அங்கேதான் வந்து விழும். வியாழன் மாலை, விடுமுறைக்கு முன் எல்லாவற்றையும் புதுப்பித்துவிடலாம் என்று நானே உட்கார்ந்து ஏற்றிய பதிப்பு அது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, நெட்டைத் துண்டி. மிச்சத்தைப் படிச்சிட்டுச் சொல்றேன்."

அவர் படித்துக்கொண்டிருந்த அறிவிப்பு நம் நேரப்படி இரவு 11.51-க்கு வெளியானது. எழுதியவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் நிரலாளர். லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும் எக்ஸ்-ஸெட் என்ற, கோப்புகளின் அளவைக் குறைக்கும் சுருக்கு நிரலில் யாரோ திட்டம் போட்டு, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவை வைத்திருக்கிறார்கள், அது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவைக்குள் போய் உட்காருகிறது என்பதுதான் சாரம். பிறகு அது பாதுகாப்புக் கோளாறுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-3094 என்று எண் பெற்றது. கடுமைக்கான அளவுகோலில் பத்துக்குப் பத்து.

இதைத் தொழில்நுட்பத் துப்பறியும் கதையாகப் பலர் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை நன்றாகவே இருக்கிறது, கீழே நானும் கொஞ்சம் சொல்வேன். ஆனால் பொதி பராமரிக்கிறவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து பார்த்தால் இது முதலில் நச்சரிப்பின் கதை.

வேலை யாருடையது

டெபியன் 1993-இல் தொடங்கியது. 2023 ஜூனில் வந்த அதன் 12-ஆம் பதிப்பான புக்வோர்மில் 64,419 பொதிகள். நிரலை எழுதுகிறவர் ஒருவர். அதை டெபியனுக்கு ஏற்றபடி கட்டி, வழு வந்தால் ஒட்டு (சிறு திருத்தம்) போட்டு, பாதுகாப்புக் கோளாறு தெரிந்தால் அதன் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். பகலில் வேறு எங்காவது சம்பளத்துக்கு வேலை, இரவில் இது.

நான் இரண்டு சிறு பொதிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று தமிழ் எழுத்துரு சம்பந்தப்பட்டது. நேரடியாக ஏற்றும் உரிமை எனக்குக் கிடையாது. நான் கட்டியதை அண்ணன் வரிவரியாகப் பார்ப்பார், திருப்பி அனுப்புவார், மறுபடி பார்ப்பார், பிறகு தன் மின்னணுச் சாவியால் கையொப்பமிட்டு ஏற்றுவார். அவருக்கு அந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் நேரில் சந்தித்து, அடையாள ஆவணம் பார்த்து, அவருடைய சாவியில் கையொப்பமிட்டார்கள். அதற்கு மேல் பல மாதக் கேள்வி பதில் வேறு.

ஆக, டெபியன் வாசலில் காவலாளி உண்டு. ஆனால் டெபியனுக்குள் வரும் நிரல்கள் பிறக்கும் வீடுகளில் காவலாளி கிடையாது. எக்ஸ்-ஸெட் பிறந்த வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்: பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொல்லின். பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் அவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நிரல் அது. எத்தனையோ கோடிக் கணினிகள் அதைச் சுமந்துகொண்டிருந்தன. அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிச்சமிருக்கும் என்பது என் ஊகம்.

டெபியன் பக்கமும் அப்படி ஒன்றும் ஆள் நிறைந்து வழியவில்லை. பின்கதவுள்ள முதல் பதிப்பு 2024 பிப்ரவரி இறுதியில் சிட்டில் நுழைந்தபோது அதன் எண் 5.6.0-0.1. கடைசியில் இருக்கும் அந்த 0.1-ஐப் பார்த்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும்: பொதிக்குப் பொறுப்பாளர் என்று பெயர் போட்டிருப்பவர் ஏற்றவில்லை, இன்னொரு தன்னார்வலர் கைகொடுத்து ஏற்றியிருக்கிறார். இதில் தப்பு எதுவும் இல்லை, தினமும் நடப்பதுதான். யார் தலையில் எவ்வளவு சுமை என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது, அவ்வளவே.

நச்சரிப்பு

2021 அக்டோபர் 29 அன்று ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் எக்ஸ்-ஸெட்டுக்கு முதல் ஒட்டை அனுப்பினார். எடிட்டரில் இடைவெளி எத்தனை, வரிமுடிவு எப்படி என்று சொல்லும் ஓர் அமைப்புக் கோப்பு. யாருக்கும் தொந்தரவு தராத, அதே சமயம் "பரவாயில்லையே, ஒழுங்கான ஆள்" என்று தோன்றவைக்கிற வேலை. தொடர்ந்து சின்னச் சின்ன ஒட்டுகள் வந்தன. எல்லாம் நல்ல ஒட்டுகள்தான்.

2022 ஏப்ரலில் இன்னொரு பெயர் வந்தது: ஜிகர் குமார். ஒட்டுகள் இப்படிக் கிடப்பில் கிடக்கின்றனவே, புதிய பராமரிப்பாளர் வரும்வரை இங்கே எதுவும் நகராது என்ற தோரணையில் குறை. அடுத்து டென்னிஸ் என்ஸ்: ஜாவா பதிப்பு என்ன ஆயிற்று, உங்களால் முடியவில்லை என்றால் வேறு யாரிடமாவது கொடுக்கலாமே. ஜூனில் கொல்லின் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களாலும் வேறு சில காரணங்களாலும் கவனிக்க முடியவில்லை, இது காசு வாங்காமல் பொழுதுபோக்காகச் செய்கிற திட்டம் என்பதை நினைவில் வையுங்கள் என்று. ஜியா டானுடன் தனியாகப் பேசிவருவதாகவும், அவருக்குப் பெரிய பொறுப்பு வரலாம் என்றும் அதிலேயே குறிப்பு இருந்தது. அதற்குப் பிறகும் ஜிகர் குமார் விடவில்லை.

குமார், என்ஸ் என்ற பெயர்களை இந்த விவகாரத்துக்கு வெளியே எங்கும் காணோம். நச்சரிப்பதற்கென்றே பிறந்து, வேலை முடிந்ததும் மறைந்த பெயர்கள். டான், குமார், பிறகு வந்த ஹான்ஸ் ஜான்சன் என்று சேர்த்துப் படித்தால் ராஃபிள்ஸ் பிளேசில் ஏதோ ஓர் அலுவலகத்தின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது.

அந்தக் கடிதங்களைப் பிறகு தேடிப் படித்தபோது எனக்கு உறுத்தியது அவற்றின் கொடுமை அல்ல. அவை ரொம்பச் சாதாரணமாக இருந்தன. அதைவிட மோசமாக நானே எழுதியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், நான் பொதியாக்கிய ஒரு சிறு நிரலை எழுதியவருக்கு, "ஒரு வருடமாக ஒட்டு கிடக்கிறது, இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது. அவர் வீட்டில் ஒரு சாவு. நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் என் கடிதத்தையும் ஜிகர் குமாரின் கடிதத்தையும் பெயரை மறைத்து வைத்தால் எது உளவாளி எழுதியது என்று கண்டுபிடிப்பது கடினம். கூட்டத்தோடு கூட்டமாக மறைய முடிந்ததற்குக் காரணம், அந்தக் கூட்டம் ஏற்கெனவே அப்படிப் பேசிக்கொண்டிருந்ததுதான்.

2023 ஜனவரியில் வந்த 5.4.1 கொல்லின் வெளியிட்டது. மார்ச்சில் வந்த 5.4.2-ஐ வெளியிட்டவர் ஜியா டான். ஜூனில் ஹான்ஸ் ஜான்சன் அனுப்பிய ஒட்டுகள் வழியாக ஐஃபங்க் என்ற வசதி உள்ளே வந்தது. ஒரு செயற்கூற்றின் எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்பதை நிரல் தொடங்கும் நேரத்தில் தீர்மானிக்கிற உத்தி அது. பின்கதவு பிறகு கால் ஊன்றியது அங்கேதான். ஜூலையில், கூகுளின் தானியங்கிச் சோதனை அமைப்பில் இந்த ஐஃபங்கை மட்டும் அணைத்துவையுங்கள் என்று ஜியா டான் கேட்டார். காரணம் தொழில்நுட்பமாகச் சொல்லப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. எவ்வளவு பொறுமை! வேலைக்கு வைத்திருந்தால் நல்ல சம்பளம் கொடுத்திருப்பார்கள். யாரோ கொடுத்துத்தான் இருப்பார்கள்.

உள்ளே இருந்தது

கட்டற்ற மென்பொருள் என்றால் நிரல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறதே, எப்படி மறைத்தார்கள் என்று பலர் கேட்டார்கள். பதில்: எல்லோரும் பார்க்கிற இடத்தில் திறவுகோல் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் பொதுவில் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இருப்பது மூல நிரல். வெளியிடும்போது அதை ஒரே கோப்பாகக் கட்டி டார்பாலாகத் தருவார்கள், அதில் ஆட்டோடூல்ஸ் என்ற கட்டும் கருவி தானாக உருவாக்கும் சில கோப்புகளும் சேர்ந்துகொள்ளும். கிட்டில் அவை இருக்காது. அது இயல்பானது என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 என்ற கோப்பின் திருத்திய வடிவம் டார்பாலில் மட்டும் இருந்தது.

பின்கதவின் உடல் வேறு இடத்தில், வெட்டவெளியில் இருந்தது. சுருக்கு நிரலைச் சோதிக்க நல்ல கோப்புகளும் கெட்டுப்போன கோப்புகளும் வேண்டும். கெட்ட கோப்பைக் கொடுத்தால் நிரல் ஒழுங்காக மறுக்கிறதா என்று பார்ப்பதற்காக. அப்படி "கெட்டுப்போன" என்று பெயரிட்ட ஒரு கோப்பிலிருந்து அந்த எம்4 கோப்பு ஒரு துண்டை எடுத்து, பைட்டுகளை இடம் மாற்றி, ஒரு கட்டளைத் தொடராக்கும். அந்தத் தொடர் "நல்ல" என்று பெயரிட்ட இன்னொரு கோப்பிலிருந்து ஒரு தயார் பொருளை உருவி நூலகத்தோடு இணைத்துவிடும். கெட்டுப்போனது என்று எழுதி ஒட்டிய டப்பாவை யார் முகர்ந்து பார்ப்பார்கள்?

எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு ஒரு வரி. எல்லா இடத்திலும் அது முளைக்காது. 64-பிட் இன்டெல் வகைக் கணினி, லினக்ஸ், ஜிசிசி என்ற தொகுப்பி, அதோடு டெபியன் பொதியாகவோ, ஃபெடோரா போன்ற பிற லினக்ஸ் வழங்கல்களின் ஆர்பிஎம் பொதியாகவோ கட்டப்படுகிற நேரமாக இருக்க வேண்டும். டெபியன் பொதிதானா என்பதை எப்படித் தெரிந்துகொண்டது? டெபியன் கோப்புறையில் ரூல்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்தது. பொதி கட்ட உட்கார்ந்தால் நான் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான். ஆர்வத்தில் டார்பாலை எடுத்து வீட்டில் கட்டிப் பார்ப்பவன் கையில் சிக்காமல், எங்கள் கை பட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார்கள்.

எஸ்எஸ்எச்சுக்கும் சுருக்கு நிரலுக்கும் என்ன உறவு? எஸ்எஸ்எச் சேவையின் மூல நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் எந்த உறவும் இல்லை. சேவை தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியனும் ஃபெடோராவும் இன்னும் சிலரும் ஓர் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அது சிஸ்டம்டி நூலகத்தை இழுத்துவந்தது, அந்த நூலகம் எக்ஸ்-ஸெட் நூலகத்தை இழுத்துவந்தது. ஒரே ஒரு "நான் ரெடி" என்ற செய்திக்காக மாமா வீட்டுச் சொந்தமெல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்த கதை. இதில் வழங்கல்காரர்களான எங்கள் பங்கும் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. உள்ளே வந்த பின்கதவு ஆர்எஸ்ஏ சாவியைச் சரிபார்க்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தாக்குபவர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட கட்டளையை அனுப்பினால், கடவுச்சொல் கேட்கும் முன்பே அதை ஓட்டிவிடும். அந்தச் சாவி இல்லாத வேறு யாருக்கும் அது பயன்படாது. திருடன்கூடத் தன் கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டிருந்தான்.

இன்னொன்று. பின்கதவை விடச் சிறியது, எனக்கு அதைவிடப் பிடித்தது. பிப்ரவரி 26 அன்று ஜியா டான் சேர்த்த ஒரு கமிட்டில் (களஞ்சியத்தில் பதிவாகும் மாற்றத்தில்), லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரலின் நடுவே ஒரு புள்ளி இருந்தது. தனி வரியின் தொடக்கத்தில், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அது இருப்பதால் சோதனை நிரல் பிழை கொடுக்கும், பிழை கொடுத்தால் "இங்கே லேண்ட்லாக் இல்லை போலிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு, சிமேக் என்ற கட்டும் கருவி வழியாகக் கட்டும்போது வேலியே போடாமல் விட்டுவிடும். க-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உயிர் போய் வெறும் மெய்யாகிவிடும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். அப்படியும் அந்த வித்தியாசப் பக்கத்தைத் திரையில் பார்த்தபோது, இங்கே புள்ளி இருக்கிறது என்று தெரிந்தும், அதைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாயிற்று. திரையில் ஒட்டிய தூசி என்று விரலால் ஒருமுறை துடைத்தேன்.

அரை விநாடி

ஃபிராய்ண்ட் பின்கதவைத் தேடிப் போகவில்லை. போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளக்க டெபியன் சிட் கணினி ஒன்றை அமைதியாக்கிக்கொண்டிருந்தார். இணையத்தில் எப்போதும் யாராவது தவறான பெயர் கொடுத்து எஸ்எஸ்எச் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள், உடனே விரட்டப்படுவார்கள். அப்படி விரட்டுவதற்கே செயலி அதிகம் உழைப்பதைக் கவனித்தார். அளந்தார். முன்பு 0.299 விநாடி, இப்போது 0.807. வித்தியாசம் அரை விநாடி. நானாக இருந்தால் வீட்டு வைஃபையைத் திட்டியிருப்பேன்.

அவருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனைகளில் வால்கிரைண்ட் ஒரு விநோதமான புகார் சொல்லியிருந்தது. நினைவகத்தை நிரல் தப்பாகத் தொடுகிறதா என்று காட்டும் கருவி அது. ஜியா டான் தரப்புக்கும் அந்தப் புகார் தெரிந்துதான் இருந்தது. மார்ச் 9 அன்று வந்த 5.6.1 அதை அடக்குவதற்கான பதிப்பு. ஜிசிசியில் ஒரு வழு, அதற்கு மாற்றுவழி என்று விளக்கம் தரப்பட்டது. சோதனைக் கோப்புகளும் மாற்றப்பட்டன. முன்பு அவற்றை என் கணினியில் சீரற்ற எண்களால் உருவாக்கினேன், மற்றவர்களும் அப்படியே மறுபடி உருவாக்க வசதியாக இப்போது நிலையான விதை எண் கொடுத்திருக்கிறேன் என்று கூடவே ஒரு குறிப்பு. படித்தால் நல்ல பழக்கமுள்ள பராமரிப்பாளர் என்றுதான் தோன்றும். மார்ச் 25 அன்று ஹான்ஸ் ஜான்சன் மறுபடி முளைத்து, 5.6.1-ஐ சீக்கிரம் ஏற்றுங்கள் என்று டெபியனிடம் கேட்டார். நச்சரிப்பில் தொடங்கியது நச்சரிப்பில் வந்து நின்றது.

வால்கிரைண்ட் என்றதும் டெபியன்காரர்களுக்கு 2008 நினைவுக்கு வராமல் போகாது. 2006-இல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலின் பொதியைப் பார்த்துக்கொண்டவர், வால்கிரைண்ட் போன்ற கருவிகள் புகார் சொல்கின்றன என்று இரண்டு வரிகளை நீக்கினார். நல்ல எண்ணம்தான். அந்த வரிகள்தான் சாவி உருவாக்கத் தேவையான சீரற்ற தன்மையைத் தந்துகொண்டிருந்தன. அதன் பிறகு டெபியனில் பிறந்த சாவிகள், ஒரே வகை, ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டால், 32,768-க்குள் அடங்கிவிட்டன. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து 2008 மே 13 அன்று அறிவிக்கும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. அன்று அந்தக் கருவியின் பேச்சைக் கேட்டதால் கெட்டது. 2024-இல் அதே கருவியின் பேச்சுக்கு யாரோ சொன்ன விளக்கத்தை நம்பியதால் கெட இருந்தது. எச்சரிக்கை வந்தால் அதை எப்படி நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன், ஏன் வருகிறது என்று கேட்டாக வேண்டும். இரவு பதினோரு மணிக்கு, அலுவலக வேலை முடித்துவிட்டு வந்து உட்காரும் ஆளிடம் அதைக் கேட்கும் தெம்பு இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

தேக்காவில் சனிக்கிழமை

மறுநாள் காலை லேப்டாப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருந்த கணினி, எஸ்எஸ்எச் வெளியே திறந்திருக்கவில்லை, ஆபத்து குறைவுதான். ஆனாலும் சாவிகளையெல்லாம் மாற்றினேன். நடுவே அலுவலகத்திலிருந்து மேலாளர் கேட்டார், நம்ம சர்வர்கள் எல்லாம் சரியா என்று. சரியாகத்தான் இருந்தன. அங்கே ஓடுவது புக்வோர்ம், அதில் இருப்பது 5.4.1. டெபியன் ஏன் எப்போதும் இரண்டு வருடம் பின்னாலேயே இருக்கிறது என்று போன மாதம்தான் அவர் கேட்டிருந்தார். அதை நான் நினைவுபடுத்தவில்லை.

மாலை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் அண்ணனைப் பார்த்தேன். தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். பொதியின் மாற்றக் குறிப்பைப் போனில் காட்டினார். ஃபிராய்ண்ட் பொதுவில் சொல்வதற்கு முன்பே டெபியன் பாதுகாப்புக் குழுவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். குழு 28-ஆம் தேதியே பழைய நிரலைத் திரும்ப ஏற்றிவிட்டது. நான் 5.6.1-ஐ ஏற்றிக்கொண்ட அதே நாள், சில மணி நேரம் பிந்தி. புதிய பதிப்பின் எண்: 5.6.1+ரியலி5.4.5-1.

"பேரைப் பாத்தியா?" என்று சிரித்தார். டெபியனில் பதிப்பு எண் பின்னால் போகக் கூடாது, போனால் யாருடைய கணினியும் அதை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே வெளியே 5.6.1 என்று எழுதி, உண்மையில் உள்ளே இருப்பது 5.4.5 என்று பெயரிலேயே ஒப்புக்கொள்கிற வழக்கம். பெயர் அசிங்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. எங்கள் கோளாறுகளை மறைக்க மாட்டோம் என்று டெபியனின் சமூக ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு, அது பதிப்பு எண் வரைக்கும் வந்துவிட்டது.

ஃபெடோராவின் ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி என்று புதியதை உடனே எடுக்கும் வழங்கல்களில் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. ஆர்ச்சிலும் அந்தப் பதிப்பு இருந்தது, ஆனால் அங்கே எஸ்எஸ்எச் அந்த நூலகத்தைத் தொடுவதில்லை. ஏப்ரல் 6-க்கு வர வேண்டிய டெபியன் 12.6 தள்ளிப்போய் ஜூன் 29-க்கு வந்தது. உபுண்டு 24.04-இன் பீட்டா ஒரு வாரம் தள்ளியது, பிப்ரவரி 26-க்குப் பிறகு கட்டிய பொதிகளையெல்லாம் மறுபடி கட்டினார்கள். இன்னும் சில வாரம் தெரியாமல் போயிருந்தால் அந்த உபுண்டுவும் ஃபெடோரா 40-உம் அதைச் சுமந்துகொண்டு உலகெங்கும் போயிருக்கும்.

டான் யார்

ஜியா டானின் கமிட்டுகளில் பெரும்பாலானவை நம் நேர மண்டலத்தில், அதாவது கூட்டல் எட்டில், பதிவானவை. அரட்டையில் தெரிந்த இணைய முகவரி, இருப்பிடத்தை மறைக்க உதவும் சிங்கப்பூர் விபிஎன் ஒன்றுடையது. டான் என்பது இந்த ஊரில் சீனர்களிடையே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். என் புளோக்கில் மட்டும் மூன்று டான் குடும்பங்கள். கதை பரவியதும் "உங்க ஊர்க்காரரா?" என்று சென்னையிலிருந்து நண்பர்கள் கேட்டார்கள்.

விபிஎன் என்பது வாடகைக்கு எடுத்த சட்டை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சில கமிட்டுகளில் நேர மண்டலம் கூட்டல் இரண்டு, கூட்டல் மூன்று என்று மாறியிருந்தது, ஆள் கிழக்கு ஐரோப்பியப் பக்கம் இருக்கலாம் என்று அதை வைத்துச் சிலர் கணித்தார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையிலும் வேலை நடந்திருக்கிறது என்பதையும் சுட்டினார்கள். சிங்கப்பூரில் ஒரு டான் சீனப் புத்தாண்டன்று உட்கார்ந்து கமிட் போட்டால் அவருடைய அம்மா சும்மா விடுவாரா என்பது என் கேள்வி. பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இந்த ஊரின் உண்மையான டான் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றிய சிங்கப்பூர் முயற்சியில் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து உழைத்தவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. தமிழ் அவருடைய மொழி அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, நம் வேலையைத் தன் வேலையாக எடுத்துச் செய்வதால்தான் இந்தத் துறையே நடக்கிறது. வேலையைச் செய்துகாட்டி நம்பிக்கையைச் சம்பாதிப்பது இங்கே உள்ள ஒரே வழி. பொய்யான டான் அந்த வழியில்தான் வந்தார்.

ஆகவே, எல்லாப் பராமரிப்பாளரும் பாஸ்போர்ட் காட்டட்டும் என்று கிளம்பிய யோசனை எனக்கு ஒப்பவில்லை. இரண்டரை ஆண்டு காத்திருக்கத் தெரிந்தவருக்கு ஒரு பாஸ்போர்ட் பெரிய விஷயமா? மூலத்திலிருந்து கட்டினால் அதே இருமம்தான் (கணினி ஓட்டும் வடிவம்) வருகிறதா என்று சரிபார்க்கும் முயற்சியில் டெபியன் முன்னோடி, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் இங்கே மூல டார்பாலே கறைபட்டது, கறையை அப்படியே திரும்பக் கட்டித் தந்திருக்கும். உருப்படியாக நடந்தவை சின்ன வேலைகள். டெபியன் ஏப்ரலிலேயே எஸ்எஸ்எச்சிலிருந்து சிஸ்டம்டி நூலகத்தின் பிணைப்பை எடுத்துவிட்டது. ஜூலை 1 அன்று வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8-இல் அந்த "நான் ரெடி" செய்தி நூலகம் எதுவும் இல்லாமல் உள்ளேயே எழுதப்பட்டது. கொல்லின் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்கி, மே 29 அன்று 5.6.2-ஐ வெளியிட்டார். அந்தப் புள்ளியையும் அவர்தான் எடுத்தார்.

அந்த ஆகஸ்டில் என் எழுத்துருப் பொதிக்கு ஒரு கடிதம் வந்தது. புதிய பதிப்பு வந்து ஏழு மாதமாகிறது, டெபியனில் எப்போது வரும், நேரமில்லை என்றால் வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமே என்று. எனக்குள் மணி அடித்தது. பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், என்ன பிரச்சினை, ஒரு படம் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். அனுப்பினார். பினாங்கில் படிக்கும் மாணவர், வீட்டில் தமிழில் ஒரு குடும்ப வரலாறு தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், சில அளவுகளில் ட்-இன் புள்ளி நகர்ந்து பக்கத்து எழுத்தின் தலையில் விழுகிறது. தாத்தா பெயரே வேறு ஆளாகிவிட்டதாம்.

நீங்களே சரிசெய்து அனுப்புங்கள், படிக்கிறேன் என்றேன். நான்கு வரி ஒட்டு வந்தது. ஒட்டையும், புதிய பதிப்பின் டார்பாலையும், கிட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று கோப்புகள் வேறுபட்டன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடி முடிக்க இரவு ஒரு மணி ஆயிற்று. அண்ணனுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் அவர் பதில் வந்திருந்தது:

"நாலாவது வரி கடைசியில ஒரு ஸ்பேஸ் மிச்சம் இருக்கு. எடுத்துட்டு திரும்ப அனுப்பு."